கட்டைவிரலுக்குக் காவல்

என் சகலை எழுத்தில் செய்தி அனுப்ப மாட்டான். குரலில்தான் அனுப்புவான். ஒவ்வொன்றும் ஒரு சொற்பொழிவு. நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் வந்ததைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மாமனார், மகள், நான் என மூன்று பேரும் கேட்டோம்.

"அண்ணே, ரோடு வழியா வர்றீங்க. நூறு பேர் தொட்டதை நூத்தியோராவது ஆளாத் தொடப் போறீங்க. பெட்ரோல் பங்க்ல பம்ப் கைப்பிடி, காசு கட்டுற மெஷின்ல பட்டன், ஓட்டல்ல மெனு கார்டு, கக்கூஸ் தாழ்ப்பா, குழாய் திருகு. எதைத் தொட்டாலும் கை கழுவுற வரைக்கும் கை மூஞ்சிப் பக்கமே போகக் கூடாது. யாருக்காவது ஒரு தும்மல் வந்துச்சு, குழந்தையை ஜன்னல் கண்ணாடி வழியாத்தான் பார்க்கணும். தப்பா நினைக்காதீங்க. அன்போட சொல்றேன்."

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. குழந்தை அவசரப்பட்டுப் பிறந்தவன். பல வாரம் மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான். சளி இருமலோடு யாரும் பக்கத்தில் வரக் கூடாது, தூக்குகிறவர்கள் கை கழுவியிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மருத்துவர் ஒரு வரியில் சொன்னதைச் சகலை ஒன்பது செய்திகளாக ஆக்கியிருந்தான்.

அவன் மனைவி என் மனைவியின் தங்கை. என் மனைவி போன வருடம் இறந்துவிட்டாள். அதன்பிறகு மாமனாரும் மாமியாரும் என்னோடும் என் மகளோடும் இருக்கிறார்கள். பிரசவத்துக்காக மாமியார் முன்னாடியே அந்தத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து மாமாவும் மகளும் என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்தப் பயணத்தில் எல்லோருக்கும் ஒரு அவசரம் இருந்தது.

மகளுடைய அவசரம் வேறு. சித்தி அவளிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். எல்லோரும் தும்மல் இருமல் இல்லாமல் வந்து சேர்ந்தால், தம்பியை முதலில் தூக்குவது அவள்தான். அதற்காக அவள் ஒரு சர்க்கரைப் பையை வைத்துப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சர்க்கரைப் பைக்குக் கழுத்து எந்தப் பக்கம் என்பதில் அவளுக்கும் தாத்தாவுக்கும் தினமும் வழக்கு.

"இதுக்கு ஒரு கண்டிப்பான ஆள் வேணும் மாப்ளே," என்றார் மாமா. "நம்ம ரெண்டு பேரும் சரிப்பட மாட்டோம். நான் பொதுமக்களோட பழகினவன். நீங்க கனவு கண்டுக்கிட்டே கதவைத் தொடுவீங்க."

மாமா பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வுபெற்றவர். உள்ளே போய்த் தன் பழைய விசிலைக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினார்.

"இன்னையிலேர்ந்து நீதான் இன்ஸ்பெக்டர். எவன் தப்புப் பண்ணினாலும் ஊது."

அவள் வாங்கிப் பார்த்தாள். "இதுல யாரு எச்சி?"

"முப்பது வருஷத்து எச்சி. எல்லாம் என்னோடதுதான்."

இன்ஸ்பெக்டர் விசிலை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக் குழாய்க்குப் போனாள்.

*

காலையில் காரைத் துடைத்தாள். மருந்து நனைத்த ஈரத்தாள் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தேன். ஸ்டியரிங், கியர், கதவுக் கைப்பிடிகள், ஜன்னல் பட்டன், சீட் பெல்ட் கொக்கி. எல்லாவற்றையும் நாக்கை லேசாக நீட்டியபடி, தேர்வு எழுதுவது போலத் துடைத்தாள். முன் சீட்டில் ஏறி, வெயில் மறைப்பை இறக்கினாள். அதன் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு.

"அதை விட்டுரு," என்றேன்.

கண்ணாடியின் ஓரத்தில் மூன்று விரல் தடம் இருந்தது. அவள் அம்மா கைக்குக் களிம்பு பூசிக்கொண்டு அதே கையால் மறைப்பைத் தள்ளுவாள். நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் தள்ளிக்கொண்டே இருப்பாள்.

மகள் தடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். யாருடையது என்று கேட்கவில்லை.

"கிருமி எத்தனை நாள் உயிரோட இருக்கும்பா?"

"வெளியில இருந்தா சில மணி நேரம். சிலது சில நாள்."

"இதுல இப்போ இருக்குமா?"

"இருக்காது."

"அப்போ இது சுத்தம்தான்," என்று மறைப்பை மேலே தள்ளிவிட்டு அடுத்த கைப்பிடிக்குப் போனாள்.

முன் சீட்டில் யாரும் உட்காரவில்லை. தண்ணீர் கேனையும் சோப்பையும் காகிதத் துண்டுச் சுருளையும் அங்கே வைத்து பெல்ட் போட்டேன். மாமாவும் இன்ஸ்பெக்டரும் பின்னால். மாமாவின் கைகளில் பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ரப்பர் உறை, முழங்கை வரை.

"இது என்ன மாமா?"

"கவசம். கர்ணன் மாதிரி. இனிமே எந்தக் கிருமியும் என்னை அண்டாது. போலாம் ரைட்!"

அந்தப் பெட்ரோல் பங்க்கில் பம்ப் அருகே ஆள் கிடையாது, நாமே போட்டுக்கொள்ள வேண்டும். இன்ஸ்பெக்டர் ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி, காகிதத் துண்டை அஞ்சல் பெட்டியில் கடிதம் போடுவது போல நீட்டினாள். அதைச் சுற்றிப் பம்பைப் பிடித்தேன். மெஷின் பட்டன்களை விரல் முட்டியால் அழுத்தினேன். காகிதத்தைக் குப்பையில் போட்டேன். குப்பைத் தொட்டியின் மூடியைத் தொட்டுவிட்டேன்.

விசில் ஒலித்தது.

இறங்கி வந்து தண்ணீர் ஊற்றினாள். சோப்புப் போட்டேன். விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு. "இன்னும், இன்னும்," என்றாள். நான் தேய்த்துக்கொண்டே நின்றேன். இவள் சின்னவளாக இருந்தபோது இவளை இப்படித்தான் நாங்கள் குழாயடியில் நிற்கவைப்போம்.

இந்த நேரத்தில் மாமாவைக் காணோம். காற்று அடிக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். காற்று அடிக்கிறவர் ஏதோ சொல்ல, இவர் வயிறு குலுங்கச் சிரித்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் கை மேலும் கீழும் போனது.

"தாத்தா!"

"இது கை இல்லம்மா, உறை!" என்று அங்கிருந்தே கத்தினார். "கணக்குல வராது!"

*

மதியச் சாப்பாட்டுக்குச் சாலையோர ஓட்டல் ஒன்றில் நிறுத்தினோம். லாரிகள் வரிசையாக நின்றன. உள்ளே இரைச்சல். இன்ஸ்பெக்டர் மேஜையைத் துடைத்தாள், உப்புக் குடுவையைத் துடைத்தாள், நாற்காலி முதுகைத் துடைத்தாள். பக்கத்து மேஜைக்காரர், "பாப்பா, அப்படியே இதையும் துடைச்சிரு," என்றார். துடைத்தாள்.

மெனு கார்டு வந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட தடித்த பக்கங்கள், எத்தனையோ பேர் சாப்பிட்ட கையால் புரட்டியவை. மாமா அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போது அது நடந்தது. முப்பது வருடம் டிக்கெட் கிழித்த கை அது. மாமா கட்டைவிரலை நாக்கில் தொட்டு, பக்கத்தைப் புரட்டினார். மஞ்சள் ரப்பர்க் கட்டைவிரலை.

விசில் ஓட்டலைப் பிளந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. பரிமாறுகிறவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஓடிவந்தார்.

மாமாவுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. "என்னம்மா? நான் எதையுமே தொடலையே."

"உறையோட எதையெல்லாம் தொட்டீங்க?"

"கார் கதவு. அப்புறம் அந்தக் காத்து அடிக்கிற தம்பி கை. இந்த ஓட்டல் கதவு. நாற்காலி. மெனு கார்டு."

"அதெல்லாம் இப்போ எங்கே ஒட்டிக்கிட்டு இருக்கு?"

"உறையில."

"உறை எங்கே போச்சு?"

மாமா கட்டைவிரலை மெல்ல உயர்த்தி, முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு திறந்து, "வாய்க்கு," என்றார்.

பரிமாறுகிறவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"தாத்தா ஜன்னல் வழியாத்தான் பார்க்கணும்," என்றாள் இன்ஸ்பெக்டர். குரல் கண்டிப்பாக ஆரம்பித்து, கடைசியில் கொஞ்சம் நடுங்கியது. அவளுக்கும் அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் சித்தப்பா சொன்னது சொன்னதுதான்.

"ஏம்மா, நான் இன்னும் தும்மக்கூட இல்லையே."

"தும்முவீங்க."

மாமா உறைகளைக் கழற்றி அவளிடம் ஒப்படைத்தார். அதிகாரி தன் பட்டையைக் கழற்றிக் கொடுப்பது போல இருந்தது. "கையைக் கழுவி வாயும் கொப்பளிச்சுட்டு வரேன்," என்று எழுந்து போனார்.

சாப்பாடு வந்தது. ரொட்டி ஆறியது. மாமா வரவில்லை.

மகள் பாதி முட்டையோடு நிறுத்தினாள். "ப்பா, தாத்தா அழறாரா?"

"போய்ப் பார்க்கறேன்."

ஆண்கள் கழிப்பறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே மாமா, ஈரக் கைகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார், அறுவைச் சிகிச்சைக்குத் தயாரான மருத்துவர் மாதிரி. அவர் மட்டும் இல்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் இன்னும் மூன்று பேர், அதே மாதிரி கைகளைத் தூக்கிக்கொண்டு.

"மாப்ளே! கதவை விடாதீங்க! அப்படியே பிடிங்க!"

"என்ன மாமா இது?"

"உள்பக்கம் இழுக்குற கதவு. கழுவின கையால கைப்பிடியைப் பிடிச்சா, கழுவினது வீண். காகிதம் தீர்ந்துபோச்சு. யாராவது வெளியிலேர்ந்து வருவாங்கன்னு காத்திருந்தோம்."

"இவங்க?"

கடைசியில் நின்ற லாரி ஓட்டுநர் பதில் சொன்னார். "நாங்க பாட்டுக்குப் போயிருப்போம் சார். இவரு, அந்தக் கைப்பிடியை இன்னைக்கு எத்தனை பேரு கழுவாத கையால பிடிச்சிருப்பாங்க, யோசிச்சுப் பாருங்கன்னாரு. யோசிச்சோம். அதுக்கப்புறம் எங்க தொட?"

"வரிசையா வாங்க, வரிசையா வாங்க," என்று மாமா அவர்களை என் கைக்கு அடியில் குனியவைத்து வெளியேற்றினார். "படியைப் பார்த்து. இறங்கிட்டு ஓரமா நில்லுங்க."

எல்லோரும் போனபிறகு நான் என் கையைப் பார்த்தேன். கதவைப் பிடித்த கை.

மாமா புரிந்துகொண்டார். காலை நீட்டிக் கதவுக்கு அணை கொடுத்தார். "கால் வச்சிருக்கேன். நீங்க நிதானமாக் கழுவுங்க."

*

ஓட்டலை விட்டுக் கிளம்பிய பிறகு மாமா பேசவில்லை. மாமா பேசாமல் இருந்தால் கார் காலியாக இருப்பது போல இருக்கும். கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உறையில்லாத கைகள் மடியில் கவிழ்ந்து கிடந்தன.

"ஜன்னலும் நல்லாத்தான் இருக்கும்," என்றார் பொதுவாக. "வெளிச்சம் அந்தப் பக்கம் இருந்தாத் தெளிவாத் தெரியும்."

மகள் முன்னால் சாய்ந்து என் காதருகே வந்தாள். "ப்பா. தாத்தாவுக்குத் தும்மல் வரலைன்னா?"

"வரலைன்னா தூக்கலாம்."

"எத்தனை நாள் பார்க்கணும்?"

"ரெண்டு மூணு நாள்."

"நாம நாளைக்கே திரும்பிடுவோமே."

அவள் பின்னால் சாய்ந்து தாத்தாவின் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஓர் ஆரஞ்சுச் சுளையை அவர் வாயில் போட்டாள். தன் விரல் அவர் உதட்டில் படாமல்.

சின்ன ஊர் ஒன்றின் பேருந்து நிலையத்தைக் கடக்கும்போது சாலை அடைத்திருந்தது. நிலையத்திலிருந்து வெளியே வந்த பேருந்து ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. பேட்டரி செத்துவிட்டதாம். இரண்டு பக்கமும் வண்டிகள் ஒலி எழுப்பின. பயணிகள் இறங்கி நிழலில் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நடத்துனர் இளம்பையன். பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். கால்மணி நேரம் பொறுத்தார் என்று சொல்ல ஆசை. பொறுக்கவில்லை.

"மாப்ளே, இது தள்ளு வண்டி. இருபது பேர் கை வச்சா எடுத்துரும். இவங்களைச் சேர்க்க ஆள் இல்லை."

"தாத்தா," என்றாள் இன்ஸ்பெக்டர். "அதை எத்தனை பேர் தொட்டிருப்பாங்க?"

"ஊரே தொட்டிருக்கும்மா. பேருந்துன்னா அதுதான்." கதவைத் திறந்தார். "எனக்குத்தான் ஜன்னல்னு தீர்ப்பாயிடுச்சே. இனிமே எனக்கென்ன?"

இறங்கிப் போனார். அடுத்த நிமிடம் அந்தக் குரல் கேட்டது. அவர் ஓய்வுபெற்ற பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை. "நிழல்ல நிக்கிற மகராசங்க எல்லாம் இப்படி வாங்க! தள்ளினாத்தான் வீடு, இல்லைன்னா இங்கேயே குடித்தனம்! அந்தப் பச்சைச் சட்டை அண்ணே, உங்க உடம்பை வீட்டுல காட்டி என்ன பிரயோசனம், இங்கே காட்டுங்க! அம்மா, நீங்க பையை இறக்கி வச்சிட்டு வாங்க, யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க, நான் பார்த்துக்கறேன்!"

ஜனங்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வருடமாக இப்படித்தான். கூட்டம் என்றால் காரில் இருப்பேன்.

"நீ போகலையாப்பா?"

"உன்னை யார் பார்த்துக்கறது?"

"நானும் வரேன். நான் எதையும் தொட மாட்டேன்."

இறங்கினோம். பேருந்தின் பின்பக்கம் முழுக்கத் தூசி. யாரோ அதில் விரலால் படம் வரைந்திருந்தார்கள். இரண்டு பேருக்கு நடுவில் இடம் இருந்தது. உள்ளங்கைகளை வைத்தேன். வெயிலில் தகரம் சுட்டது. ஒருவர் தோள் என் தோளோடு இடித்தது. அவர், "நல்லா ஊன்றிக்குங்க தம்பி," என்றார்.

"இன்ஸ்பெக்டர்!" என்று மாமா கத்தினார். "ரெண்டு விசில் கொடு! ரெண்டு விசில்னா புறப்பாடு!"

எனக்குப் பின்னால் விசில் இரண்டு தடவை ஒலித்தது. எல்லோரும் ஒரே மூச்சில் தள்ளினோம். பேருந்து யோசித்தது. நகரவில்லை. அப்போது என் முதுகில் இரண்டு சின்னக் கைகள் பதிந்தன. அவள் பேருந்தைத் தொடவில்லை. சட்டப்படி நடந்துகொண்டாள். என்னைத் தள்ளினாள்.

"தள்ளுப்பா!"

தள்ளினேன். சக்கரம் ஒரு முழம் உருண்டது. பிறகு தானாக உருண்டது. எஞ்சின் இருமியது, கமறியது, கரும்புகையை எங்கள் எல்லோர் முகத்திலும் துப்பிவிட்டு உயிர்பெற்றது. கூட்டம் ஆரவாரம் செய்தது. முன்பின் தெரியாத மனிதர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். பச்சைச் சட்டைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்தே விட்டார். என் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் தொங்கின. அப்புறம் அவர் முதுகைத் தட்டின.

மகள் என் சட்டைக்குப் பின்னால் நின்று எங்களைக் கணக்கெடுத்தாள். அழுகை வருகிற முகம். "எல்லாரும் எல்லாரையும் தொட்டுட்டாங்க. இப்போ நாம மூணு பேருமே ஜன்னல்தான்."

நான் குனிந்தேன். கரி படிந்த கைகளை அவளிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"கைன்னா தொடத்தான் செய்யும். தொட்டது தப்பில்லை. தொட்டுட்டுக் கழுவாம மூஞ்சிகிட்ட கொண்டுபோறதுதான் தப்பு. சோப்பு எங்கே?"

அவள் என் கைகளைப் பார்த்தாள். காருக்கு ஓடினாள்.

அதன்பிறகும் அந்தப் பேருந்து புறப்படக் கால்மணி நேரம் ஆனது. காரணம் மாமா. "கை கழுவாம யாரும் ஏறக் கூடாது! இன்ஸ்பெக்டர் உத்தரவு! ஒவ்வொருத்தரா வாங்க, தள்ளாதீங்க, தள்ள வேண்டிய நேரத்துல தள்ளியாச்சு!" நான் கேனைச் சாய்த்தேன். மகள் சோப்பை நீட்டினாள். "இடுக்குல தேய்ங்க. நகம். இன்னும்." பையைச் சுமந்த அம்மா அவளைப் பார்த்து, "யாரு பெத்த மகராசி," என்றார். இளம் நடத்துனர் கடைசியாக வந்தான். கை கழுவிவிட்டு, தயங்கி, மாமாவைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தான். மாமா பதில் சல்யூட் வைத்தார்.

கேன் காலியானபோது எங்கள் கைகளும் சுத்தமாகியிருந்தன.

"முன்னாடி வந்து உட்காருங்க மாமா," என்றேன். கேன் இருந்த இடம் காலியாக இருந்தது.

அவர் அந்த சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏறி, பெல்ட்டைப் போட்டார். பிறகு வழி முழுக்கப் பேசினார்.

*

தங்கை வீடு இரண்டாவது மாடி. முதல் மாடிப் படியில் ஒரு ஆள் போர்வை போர்த்திக்கொண்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் டீக் குவளை. அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அங்கேயே நில்லுங்கண்ணே!" என்றான் சகலை. மூக்கு அடைத்த குரல். "பக்கத்துல வராதீங்க. அன்போட சொல்றேன்."

"என்ன ஆச்சு?"

"தும்மல். நேத்து ராத்திரிலேர்ந்து."

இன்ஸ்பெக்டர் மெதுவாக, "சித்தப்பா, நீங்க எதைத் தொட்டீங்க?" என்று கேட்டாள்.

சகலை குவளைக்குள் பார்த்தான். "ஆபீஸ் லிஃப்ட் பட்டன்னு நினைக்கிறேன்."

"அப்புறம்?"

"கண்ணைத் தேய்ச்சேன்."

விசிலைத் தூக்கினாள். நான் கையைப் பிடித்தேன். "குழந்தை தூங்கும்."

"அவ என்னை உள்ள விட மாட்டேங்கறாண்ணே," என்றான் சகலை. "என் பிள்ளையை நான் ஜன்னல் வழியாப் பார்க்கறேன். அத்தையும் தும்மறாங்க. அவங்க பால்கனியில."

"என் பொண்டாட்டியா?" மாமா இரண்டிரண்டு படியாக ஏறினார்.

கதவைத் தங்கை திறந்தாள். தலை கலைந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, தோளில் பால்துணி. தோளில் குழந்தையும்தான், ஆனால் முதலில் துணிதான் தெரிந்தது. அவ்வளவு சின்னவன்.

"யாருக்காவது சளி?"

"இல்லை," என்றோம் மூவரும்.

"இருமல்? தொண்டை?"

"இல்லை."

"கடவுளே, வந்தீங்களா," என்று கதவைக் காலால் அகலத் தள்ளினாள். "இந்த வீட்டுல சுத்தமான கை என்னோட ரெண்டுதான் இருந்துச்சு. நேத்துலேர்ந்து குளிக்கலை அத்தான். உட்கார்ந்து சாப்பிடலை. போய்க் கழுவிட்டு வாங்க, ஆறு கையும் வேணும்."

"நாலுதான் சித்தி," என்றாள் மகள். "தாத்தா கிருமி விரலை நக்கிட்டாரு."

தங்கை அப்பாவைப் பார்த்தாள். "அப்பா! இன்னுமா அந்தப் பழக்கம்?"

மாமா தலைகுனிந்து, "ரப்பரு உறைம்மா. தெரியாமப் பட்டுடுச்சு," என்றார். "பரவாயில்லை. நான் பால்கனிப் பக்கம் போய் நிக்கறேன். அம்மா தனியா இருக்கா."

"இப்போ உங்களுக்குச் சளி இருக்கா?"

"இல்லை."

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. அந்தப் பெட்டியில முகக்கவசம் இருக்கு, மாட்டுங்க. முத்தம் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான். எனக்குத் தோள் விட்டுப்போச்சு."

மகள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு பெட்டிக்கு ஓடி ஒரு முகக்கவசத்தை எடுத்துவந்து, தாத்தாவைக் குனியச் சொல்லி, தானே காதில் மாட்டிவிட்டாள். மூக்கின் மேல் அழுத்திவிட்டாள். அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை நிறைந்திருந்தன.

முதலில் அவள்தான். வாக்கு வாக்குதான். சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்தாள். மடியில் தலையணை. தங்கை குழந்தையை இறக்கிவைத்தாள். மகள் கழுத்தைச் சரியாகத் தாங்கினாள். கொஞ்ச நேரம் மூச்சே விடவில்லை.

"சர்க்கரையைவிட லேசா இருக்கான்," என்றாள்.

பால்கனிக் கண்ணாடிக்கு அப்பால் மாமியார் கைதட்டிவிட்டுத் தும்மினார். வாசல் பக்க ஜன்னலில் ஒரு போர்வை தெரிந்தது. "கழுத்து! கழுத்து!" என்று அது கத்தியது.

பிறகு தாத்தாவின் முறை. மாமா கைகளை நீட்டினார். குழந்தை கைக்கு வந்ததும் அவனைச் சுற்றியிருந்த துணியின் மடிப்பு முகத்தில் விழுந்தது. அதைப் புரட்டி விலக்க வேண்டும். மாமாவின் கட்டைவிரல் தானாக மேலே எழுந்தது. நான் பார்த்தேன். தங்கை பார்த்தாள். மகள் பார்த்தாள்.

விரல் வாய்க்குப் போனது. முகக்கவசத்தில் இடித்து நின்றது.

மாமா விரலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "கதவு மூடியிருக்கு," என்றார்.

தங்கை சிரித்ததில் தோள் துணி கீழே விழுந்தது. "அப்பா, போய் மறுபடி கழுவுங்க! அத்தான், நீங்க பிடிங்க. நான் குளிச்சிட்டு வந்துடறேன்." நான் சரி என்று சொல்வதற்குள் குழந்தை என் கையில் இருந்தான். குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது.

கையில் எடையே இல்லை. சூடு மட்டும் இருந்தது. துணி மடிப்பை விலக்கினேன். அவன் ஒரு கண்ணைத் திறந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். மூக்கைச் சுருக்கினான். வாயை அகலத் திறந்தான்.

என் முகத்தில் தும்மினான்.

வீடு உறைந்தது. ஜன்னல் போர்வை, "ஐயோ, யாரு அது? யாரு தும்மினது?" என்றது. குளியலறைக்குள்ளிருந்து, "ஒண்ணுமில்லை, பச்சைக் குழந்தை தும்மும், மூக்குத் தூசி!" என்று தங்கை கத்தினாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றாள். குற்றவாளியை நோக்கி விரல் நீட்டினாள். "தம்பி, நீதான் இனிமே ஜன்னல் வழியாப் பார்க்கணும்," என்றாள்.

எனக்குள் எதுவோ கமறியது. அந்தப் பேருந்து மாதிரி. சிரித்தேன். குழந்தை குலுங்கினான். நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. மாமா குழாயடியிலிருந்து சோப்பு நுரைக் கையோடு எட்டிப் பார்த்தார்.

இரண்டு கையும் குழந்தையிடம் இருந்ததால் முகத்தைத் துடைக்க முடியவில்லை. மகள் ஈரத்தாள் ஒன்றை உருவி, சோபா மேல் ஏறி நின்றாள்.

"அசையாதே."

கன்னத்தைத் துடைத்தாள். மூக்கைத் துடைத்தாள். கண்ணுக்குக் கீழே துடைத்தாள். தாளைத் திருப்பி மறுபடி துடைத்தாள்.

"என்னப்பா இது, துடைக்கத் துடைக்க வருது?"

"சிரிச்சா அப்படித்தான்."

"சரி, சிரி," என்றாள். இன்னொரு தாளை உருவிக்கொண்டு காத்திருந்தாள்.